முதலில் சொன்னது

தவத்துக்குத் தேநீரில் சீனி பிடிக்காது. ஆனாலும் விக்னராஜா வீட்டுக்குப் போனால் இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரைத்தான் வருடக்கணக்காகக் குடித்து வருகிறான். முதன்முதல் அந்த வீட்டுக்குப் போன அன்று விக்னராஜாவின் மனைவி இரஞ்சிதம் குசினிக்குள் இருந்து, “சீனி எவ்வளவு தம்பி?” என்று கேட்டாள். கூச்சத்தில் “ரெண்டு” என்று சொல்லிவிட்டான். சொன்னது சொன்னதுதான், இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை. சிரிப்பு வருகிறதா? விக்னராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்தான். ஆனால் நல்லாயிருந்த மனுசன் சும்மா இப்படி ஆகவில்லை.

ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து இறங்கிய கிழமை, தீவு முகாமில் முதல் விசாரணை. கடலில் வாந்தியெடுத்துக் காய்ந்த உடம்பு, நித்திரை கிடையாது, காதுக்குள் இன்னும் எஞ்சின் சத்தம். உன் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது எந்த ஆண்டு என்று கேட்டார்கள். “ரெண்டாயிரத்து எட்டாம் ஆண்டு” என்றான். பிறகு ஆறுதலாக இருந்து யோசித்தபோது அது ஏழாம் ஆண்டு என்று பிடிபட்டது. அடுத்த விசாரணையில் ஒளிக்காமல் திருத்திச் சொன்னான். வந்ததே வினை! இவன் பேச்சை மாற்றுகிறான், நம்பத்தகுந்தவன் அல்லன் என்று யாரோ ஒரு அதிகாரி எழுதி, அகதிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார். அதன்பிறகு கோர்ட், மேல்முறையீடு, மறுபடியும் விசாரணை, தற்காலிக விசா என்று இழுபட்டு இழுபட்டு மனுசனின் நல்ல காலம் முழுதும் போய்விட்டது. திருத்திச் சொன்னதுதான் உண்மை. அந்த உண்மையைச் சொல்லித்தான் அவன் பொய்யன் ஆனான்.

அன்றோடு ஒன்றைத் தீர்மானித்தான். வாயிலிருந்து முதலில் விழுந்த சொல்லை என்ன வந்தாலும் மாற்றுவதில்லை.

இப்போது சிட்னியில், நார்த்மீட்டில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறான். தரைக்கு டைல் பதிக்கிற வேலை. மனைவி செல்வமலரும் மகள் கௌசிகாவும் முல்லைத்தீவில். அவன் வெளிக்கிட்டபோது கௌசிகாவுக்கு நாலு வயது. இப்போது பதினேழு. நிரந்தர விசாவுக்கான அலுவல் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. “இனிக் கெதியா வந்திடும் அண்ணா,” என்று பரமட்டாவில் இருக்கிற சட்டத்தரணி மிருணாளினி சொல்லியிருந்தாள். “வந்த உடனை குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போடுவம். ஆனா பிள்ளைக்குப் பதினெட்டு முடியிறதுக்கு முதல் போடவேணும், பேந்து எண்டால் பெரிய கரைச்சல். அதுவரைக்கும் தயவுசெய்து ஒரு சின்னப் பிழையிலையும் மாட்டுப்படாதேங்கோ.” கௌசிகாவுக்கு வருகிற மாசியில் பதினெட்டு. தவம் வீட்டுக்கு எடுத்து, “தைக்கு உங்கடை விசா கையிலை இருக்கும்” என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னால் மாற்றமாட்டான் என்று செல்வமலருக்குத் தெரியும். அதை நம்பித்தான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பிழையில் மாட்டுப்படாதே என்று இவனுக்குச் சொல்லவேண்டுமா! விடியற்காலையில் காகம் குருவி இல்லாத வீதியிலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்கிற ஆள். கடல் பக்கமே போகமாட்டான். தகப்பன், அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள், இவனும் மீசை முளைக்க முன்னரே வலை இழுத்தவன். ஆனால் சிட்னிக்கு வந்து இத்தனை வருடத்தில் கடலில் கால் நனைத்ததில்லை. “உந்தக் கடலுக்கு என்னென்ன சட்டம் இருக்கோ, எனக்கேன் வம்பு?” என்பான்.

அதைக் குலைத்தது கௌசிகா. ஒருநாள் வீடியோக் கோலில் கதைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “அப்பா, நீங்கள் மெய்யாவே கடல்தொழில் செய்த ஆளோ? அம்மா சும்மா அளக்கிறா எண்டெல்லோ நினைச்சன்.” பிள்ளை பகிடியாகத்தான் கேட்டாள். தவத்துக்கு அது நெஞ்சில் குத்தியது. அவளுக்குத் தன்னைப் பற்றி என்ன தெரியும்? கையடக்கத் தொலைபேசிக்குள் தெரிகிற ஒரு முகம், மாதாமாதம் வருகிற காசு, அவ்வளவுதானே.

விக்னராஜா முப்பது வருடத்துக்கு முன் வந்தவர். இந்நாட்டுக் குடிமகன், மின்சார வேலைக்காரர், பெரிய தொண்டை. இதைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். “லைசென்ஸை எடுத்து, சட்டத்தைப் படிச்சுப்போட்டுப் போனா ஆர் என்ன சொல்லப்போகினம்? வா தம்பி, நண்டு பிடிப்பம். பிள்ளைக்கு வீடியோ எடுத்து அனுப்புவம்.”

சரி என்றவன் சும்மா கிளம்பவில்லை. கெல்லிவில்லில் இருக்கிற பிரதீப்குமாரைப் பிடித்தான். கோயம்புத்தூர்ப் பெடியன், கணினி வேலை, விக்னராஜாவோடு கிரிக்கெட் பார்த்துப் பழக்கம். மீன்பிடிச் சட்டம் முழுவதையும் அவனை வைத்து வாசிப்பித்தான். எந்த நண்டு எந்த அளவுக்குக் குறைந்தால் திருப்பி விடவேண்டும், சினை நண்டைத் தொடவே கூடாது, ஒரு ஆள் எத்தனை வலை போடலாம், நீல நண்டு என்றால் ஒரு ஆளுக்குப் பத்துத்தான். பிரதீப்குமாருக்குத் தலை சுற்றியது. “அண்ணே, லாயருக்குப் படிக்கிறவங்ககூட இவ்ளோ படிக்க மாட்டாங்க. நண்டே நம்மளப் பாத்து சல்யூட் அடிக்கப் போகுது பாருங்க.” தவம் சிரிக்கவில்லை. இன்னொருமுறை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னான்.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை மூவருமாகக் காரில் வடக்கே ஓடி, உப்பங்கழி ஓரத்தில் ஒரு மரப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வானம் மூட்டம். கடல் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. வட்டவலைகளில் கோழிக் கழுத்தைக் கட்டி இறக்கினார்கள். முதல் வலையைத் தவம் தூக்கினான். வலைக்குள் இரண்டு நீல நண்டு, காலை விரித்துக்கொண்டு சண்டைக்கு நின்றன.

அட, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! பதின்மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த வாய் திறந்துவிட்டது. “பாருங்கோ விக்கியண்ணை, எப்பிடி நிக்குது! இஞ்சை பின்பக்கமாப் பிடிக்கவேணும், டேய் தம்பி, கையை எடு, கடிச்சுப்போடும்!” அதற்குள் பிரதீப்குமாரின் விரலை நண்டு கவ்விவிட்டது. அவன் “ஐயோ அம்மா” என்று துள்ள, விக்னராஜா பாலத்தில் குந்தியிருந்து சிரித்தார். அவரவர் வலையை அவரவரே தூக்கினார்கள். தவம் ஒவ்வொரு நண்டையும் அளவுகோல் வைத்து அளந்தான். ஒரு மயிரிழை குறைந்தாலும், வயிற்றில் சினை ஒட்டியிருந்தாலும் கடலுக்குள் விட்டான்.

ஒரு இடத்தில்தான் பிசகியது. பிரதீப்குமார் ஆளுக்கொரு வாளி கொண்டு வந்திருந்தான். “அவங்கவங்க புடிச்சது தனித்தனியா வெச்சுக்கலாம் அண்ணே, யாராச்சும் வந்து பாத்தா ஈஸியா இருக்கும்,” என்றான். தவம் கையை ஆட்டி மறுத்தான். “எங்கடை அப்பான்ரை வள்ளத்திலை, பிடிச்ச இடத்திலை வைச்சுப் பங்கு பிரிக்கிறேல்லை. பிரிச்சா அடுத்தமுறை வலை வெறுமையா வரும். எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு, வீட்டை கொண்டுபோய்த்தான் பங்கு. மூண்டு பேர் நிக்கிறம், எண்ணிக்கை சரிதானே?” எண்ணிக்கை சரிதான். ஆளுக்குப் பத்து என்றால் முப்பது, அவர்கள் பிடித்தது இருபத்துநாலு. எல்லாம் தவம் கொண்டுவந்த பெரிய வெள்ளை வாளிக்குள் போயின. இத்தனை வருடமாகச் சட்டத்துக்குப் பயந்து பயந்து நடந்த மனுசன், ஒரு காலைப்பொழுது தகப்பனின் மகனாக இருந்துவிட்டான்.

விக்னராஜா அவன் வலை தூக்குவதையும் வாளியையும் வீடியோ எடுத்து, அங்கேயே நின்று கௌசிகாவுக்கு அனுப்பினார். பிறகு தூறத் தொடங்கியது. “நீ நண்டைப் பார், நாங்கள் வலையைக் கொண்டுபோய்க் காரிலை ஏத்திறம்,” என்று அவரும் பிரதீப்குமாரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நின்ற காருக்குப் போனார்கள். தவம் வாளியருகில் குந்தி, நனைந்த சாக்கை நண்டுகளுக்கு மேல் போட்டுவிட்டு இருந்தான்.

அப்போதுதான் அந்தப் பெண் அதிகாரி வந்தாள். மீன்பிடித் திணைக்களத்துச் சீருடை, தொப்பி, இளவயது. சீருடையைக் கண்டதும் தவம் பதறி எழுந்தான். ஆனால் இன்றைக்கு அவனிடம் எல்லாம் சரியாக இருந்தது. லைசென்ஸைக் கேட்டாள், காட்டினான். சாக்கைத் தூக்கிப் பார்த்தவள், மேலே கிடந்த பெரிய நண்டைக் கண்டு விசிலடித்தாள். நாலைந்தை எடுத்து அளந்தாள். ஒன்றிலும் பிழை இல்லை. “அருமை, இவ்வளவு கவனமாகப் பிடிக்கிறவர்களை நான் காண்பது குறைவு,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு அதிகாரி தன்னைப் பார்த்து நல்லது சொல்வதை இந்த நாட்டில் தவம் முதல்தடவையாகக் கேட்டான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவையும் நீங்களேவா பிடித்தீர்கள்?” என்று அவள் வியப்பாய்க் கேட்டாள்.

“யெஸ்,” என்றான் தவம், நெஞ்சை நிமிர்த்தி. “ஆல் மீ.”

பெருமைதான், வேறென்ன! கடல்தொழில் செய்தவன் எவன் பிடித்ததைக் குறைத்துச் சொல்லியிருக்கிறான்?

அவள் சிரித்துக்கொண்டே சாக்கை முழுதாக விலக்கினாள். எண்ணத் தொடங்கினாள். எண்ண எண்ண அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஒரு ஆளுக்குப் பத்துத்தான் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றான். வேறு யாராவது உங்களோடு வந்திருக்கிறார்களா என்று கேட்டாள். இதைக் கேட்கும்போதும் அவள் குரல் கடுமையாக இல்லை. ஓம், இன்னும் இரண்டு பேர், காரடியில் நிற்கிறார்கள் என்று சொன்னால் போதும். ஒரு வரி. நாக்கின் நுனிவரை வந்தது.

வந்தது அங்கேயே நின்றுவிட்டது. எல்லாம் நான்தான் என்று சற்றுமுன் சொல்லியாயிற்று. எண்ணிப் பார்த்தபின் இன்னும் இரண்டு பேர் என்றால் என்ன நினைப்பாள்? பேச்சை மாற்றுகிறான் என்று எழுதுவாள். அந்த எழுத்து நடந்து நடந்து எங்கே போய்ச் சேரும் என்று தவத்துக்குத் தெரியாதா? தீவு முகாமின் அந்தச் சின்ன அறை, மேசை, கண்ணாடிக்கு மேலால் பார்த்த அந்த அதிகாரியின் கண், எல்லாம் முன்னால் வந்து நின்றன. 

“நோ,” என்றான். “ஒன்லி மீ.”

அந்நேரம் பார்த்து விக்னராஜாவும் பிரதீப்குமாரும் இறங்கி வந்தார்கள். அதிகாரியையும் தவத்தின் முகத்தையும் கண்டதும் விக்னராஜாவுக்கு விளங்கிவிட்டது. ஓடிவந்து, இது மூன்று பேரும் பிடித்தது, பங்கு பிரிக்காமல் ஒன்றாகப் போட்டிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிரதீப்குமார் தன் லைசென்ஸையும், நண்டு கடித்த விரலையும் நீட்டினான். அதிகாரிக்கு முகம் இளகியது. தவத்தின் பக்கம் திரும்பி, நேரே கண்ணைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: “இவர்கள் சொல்வது சரிதானா? சரி என்றால் சொல்லுங்கள், பிரச்சினை இல்லை.”

கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள்! அதற்குள்ளால் நடந்து போகவேண்டியதுதான் பாக்கி.

“ஓம் எண்டு சொல்லடா!” என்று விக்னராஜா தமிழில் கத்தினார்.

தவம் தலையைக் குனிந்துகொண்டான். “நோ மேடம். ஆல் மீ. ஐ டோன்ட் சேஞ்ச்.”

அவள் குறிப்பேட்டை எடுத்தாள். பிறகு பெயரையும் விலாசத்தையும் எழுதினாள். கூட்டாளியைக் காப்பாற்ற மற்ற இருவரும் பொய் சொல்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருக்கவேண்டும், வேறு என்னத்தை நினைப்பாள்? நண்டுகளை எடுத்துக்கொண்டாள். வரம்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால் அறிக்கை அனுப்பவேண்டும், அநேகமாகக் கோர்ட்டுக்கு வரும் என்றாள். போகும்போது வெறும் வாளியை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

காரில் விக்னராஜா தொண்டை கிழியக் கத்தினார். “உனக்கென்ன விசரே? அந்த மனிசி தப்பவிடுறன் எண்டு நிக்கிறாள், நீ போய்க் கழுத்தைக் குடுக்கிறாய்! எனக்கு வந்தா காசைக் கட்டிப்போட்டுப் போவன். உனக்கு அப்பிடியே? பிள்ளையை யோசிச்சியா?”

“யோசிச்சுத்தான் அண்ணை சொன்னனான்,” என்றான் தவம்.

பின் சீட்டிலிருந்து பிரதீப்குமார் தயங்கித் தயங்கிக் கேட்டான். “அண்ணே, நாங்க உண்மையத்தானே சொன்னோம்? நீங்க ஆமான்னு சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டாவதாச் சொன்னா உண்மையை ஆரும் நம்பமாட்டாங்கள் தம்பி.”

 விக்னராஜா வீட்டில் இரஞ்சிதம் நண்டுக் கூழுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மாவை ஊறப்போட்டு, பெரிய பானையை அடுப்பில் வைத்துக் காத்திருந்தாள். வெறும் வாளியைக் கண்டாள். ஆண்கள் மூவரின் முகத்தையும் பார்த்தாள். அடுப்பை நிறுத்திவிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். தவம் அந்தச் சீனித் தேநீரை மிச்சம் விடாமல் குடித்தான்.

சில கிழமையில் கோர்ட்டுக்கு வரச்சொல்லி அறிவித்தல் வந்தது. மிருணாளினி முழுக் கதையையும் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, ஒளிக்காமல் சொல்றன். இதை நாங்கள் குடிவரவுக்கு அறிவிக்கவேணும். வழக்கு முடியுமட்டும் உங்கடை ஃபைல் ஒரு அடி அசையாது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் கெதியா முடியும், ஆனா அது உங்கடை பேரிலை ஏறிப்போடும், குடிவரவு எல்லாத்தையும் திரும்ப முதலிலையிருந்து பாக்கும். இல்லையெண்டால் கோர்ட்டிலை ஏறி, நான் அண்டைக்குச் சொன்னது பிழை, மூண்டு பேரும்தான் பிடிச்சனாங்கள் எண்டு சொல்லுங்கோ. அவை ரெண்டு பேரும் சாட்சி சொல்லுவினம். வெல்லலாம். ஆனா முடிய அடுத்த வருசம் நடுப்பகுதி ஆகும்.”

“அப்ப மாசிக்கு?”

“மாசிக்கு முதல் ஏலாது அண்ணா. ரெண்டு வழியிலையும் ஏலாது.” அவள் குரல் தணிந்தது. “பதினெட்டுத் தாண்டினாப் பிறகும் முயற்சி செய்யலாம். ஆனா கௌசிகாவுக்கு அது தனிப் போராட்டம். வருமோ வராதோ எண்டு என்னாலை சொல்ல ஏலாது.”

தவம் தன் கையைப் பார்த்தபடி இருந்தான். நகத்துக்குள் டைல் பதிக்கிற சீமெந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. “அப்ப நான் திரும்பவும் பேச்சை மாத்தவேணும்.”

“இந்தமுறை மாத்தினாத்தான் நீங்கள் தப்பலாம்.”

“போனமுறையும் உண்மையைத்தான் பிள்ளை மாத்திச் சொன்னனான்.” அவ்வளவு காலமும் அடக்கிவைத்திருந்த அழுகை அந்த அலுவலகக் கதிரையில் வைத்து வெடித்தது. மிருணாளினி எழுந்து கதவைச் சாத்தினாள். அவன் அழுது முடியும்வரை கதவடியிலேயே நின்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் இறங்கி வந்தான்.

பஸ் தரிப்பில் நின்றபோது தொலைபேசி அடித்தது. கௌசிகா. திரையில் அவள் முகம் பூரித்துப்போய் இருந்தது.

“அப்பா! அந்த நண்டு வீடியோவை எத்தினை தரம் பாத்திட்டன் தெரியுமோ? பள்ளிக்கூடத்திலை எல்லாருக்கும் காட்டினனான். ஒருத்தியும் நம்புறாளில்லை. அவ்வளவையும் நீங்கள் தனியப் பிடிச்சதோ?”

இல்லைப் பிள்ளை, மூன்று பேர் பிடித்தது என்று இவளிடமாவது சொல்லிப் பார்க்கலாம். இவள் எழுதி வைக்கமாட்டாள், கோர்ட்டுக்கு அனுப்பமாட்டாள். தவம் வாயைத் திறந்தான். அவள் கண்ணை அகட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

“ஓம் குஞ்சு,” என்றான். “அவ்வளவும் நான்தான் பிடிச்சனான்.”

“பாத்தியளே அம்மா, நான் சொன்னனான்!” என்று அவள் திரும்பிக் கத்தினாள். அவளுக்குப் பின்னால் செல்வமலர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

“இஞ்சேருங்கோ, ஏன் முகம் ஒருமாதிரிக் கிடக்கு? வேலைக் களைப்போ?” என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் மகளின் தோளில் நாடியை வைத்துக்கொண்டு, கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “நாங்கள் இருக்கிற இந்த வீட்டை என்ரை அண்ணரிட்டை வாடகைக்குக் கேட்டு ஆக்கள் வருகினம். நாங்கள் போற நாளைச் சொன்னால் குடுக்கலாம் எண்டு நிக்கிறார். தைக்கு எண்டு சொன்னனீங்கள். அதிலை மாற்றம் ஒண்டும் இல்லைத்தானே?”

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. தவம் ஏறவில்லை.

“இல்லை,” என்றான். “மாற்றம் ஒண்டும் இல்லை.”